ஒரு காம்புக்குப் போட்ட மருந்து

யாழ்ப்பாணத்துக் கோப்பாயில் வீட்டோடு சேர்ந்த ஒரு சின்ன அறையில் யோகட்டும் தயிரும் செய்து விற்கிறேன். எங்கள் வீட்டில் இரண்டு மாடுகள் நிற்கின்றன. அந்தப் பால் காணாது. ஆகவே நீர்வேலி, உரும்பிராய்ப் பக்கம் தெரிந்த வீடுகளிலும் பால் எடுக்கிறேன். முன்பு பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்தவள். அந்தப் பழக்கம் இன்னும் விடவில்லை. எது பிழைத்தாலும் ஏன் என்று தோண்டிப் பார்க்காமல் நித்திரை வராது.

ஒருநாள் விடிய, யோகட் உறைய வைக்கும் பெட்டியைத் திறந்தபோது ஒரு தட்டுக் கப் முழுவதும் பாலாகவே கிடந்தது. மற்றத் தட்டுகள் அசைத்தாலும் கலங்காமல் நன்றாக உறைந்திருந்தன. எல்லாவற்றுக்கும் ஒரே உறை, ஒரே சூடு. கழுவிய பாத்திரமும் ஒன்றுபோலத்தான். கெட்டியாக்கும் ஜெலற்றினை நான் சேர்ப்பதில்லை. பாலை உறைய வைக்கும் உறைக்கிருமி வேலை செய்யாவிட்டால் கப் அதைக் காட்டிக் கொடுத்துவிடும். பெரிய சட்டி நிறைந்துவிட்டதால் அன்றைக்கு ஒரு வீட்டுப் பாலை மட்டும் தனிச்சட்டியில் காய்ச்சியிருந்தேன். உறையாதது அந்தப் பால்தான். அந்த வீட்டு அண்ணையிடம் போனேன்.

"அண்ணை, மாட்டுக்கு ஏதும் மருந்து போட்டனீங்களோ?"

"ஓம் பிள்ளை, ஒரு காம்பு வீங்கிப் போச்சு. டொக்டர் வந்து காம்புக்குள்ளாலை மருந்து ரியூப் அடிச்சவர். அந்தக் காம்புப் பாலை நான் கறந்து வெளியிலைதான் ஊத்தினனான். மற்ற மூண்டும் நல்ல பால். எங்கட பேத்தியும் அதைத்தான் குடிக்கிறாள்."

"ஊசி ஏதும்?"

"போட்டவர். அது பின்தொடையிலை. மடியிலை இல்லையே."

அந்த மனிசன் ஒரு சொட்டுத் தண்ணீர் கலக்காமல் பால் தருகிறவர். ஒளிக்க நினைத்திருந்தால் ஊசிக் கதையையே சொல்லியிருக்க மாட்டார். பேத்திக்கும் அதே பாலைக் கொடுத்தவர் என்னை ஏமாற்றினார் என்று எப்படிச் சொல்வது? ஊசி போட்ட இடத்திலிருந்து பாலுக்கு ஒரு வழி இருக்கிறது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். மாடு வளர்க்கிறவர்களும் வாசிக்க வேண்டும், பால் வாங்குகிறவர்களும் வாசிக்க வேண்டும்.

மடியில் நாலு காம்புக்கும் நாலு தனிப் பகுதிகள் உண்டு. ஒன்றின் பால் மற்றதற்குள் போவதில்லை. அண்ணை சொன்னதில் அந்த அளவு சரி. ஆனால் நாலுக்கும் வரும் இரத்தம் ஒன்று. பால் அந்த இரத்தத்திலிருந்துதான் வருகிறது. மடிக்குள் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன அறைகள் கோடிக்கணக்கில் இருக்கின்றன. ஒவ்வோர் அறையின் சுவரும் ஒற்றை வரிசைக் கலங்களால் ஆனது. சுவருக்கு வெளிப்புறம் இரத்தக் குழாய்கள், உட்புறம் பால். அந்தக் கலங்கள் இரத்தத்திலிருந்து குளுக்கோசையும் அமினோவமிலங்களையும் கொழுப்பையும் எடுத்துப் பாலாக்கி உள்ளே விடுகின்றன. ஒரு லீற்றர் பால் சுரக்க 400 முதல் 500 லீற்றர் இரத்தம் மடி வழியாக ஓட வேண்டும். பத்து லீற்றர் கறக்கிற மாடு என்றால் ஒரு நாளைக்கு ஒரு தண்ணீர்ப் பவுசர் அளவு இரத்தம் அந்த மடிக்குள்ளால் போய் வருகிறது. பின்தொடையில் போட்ட ஊசிமருந்து தசையிலிருந்து இரத்தத்துக்கு வந்துவிட்டால், பிறகு சுற்றுக்குச் சுற்று அந்த ஒற்றைக் கலச் சுவரைத் தொட்டுக்கொண்டுதான் ஓடும்.

காம்பு வழியாக ஏற்றும் ரியூப்பின் கதையும் இதேதான், திசை மட்டும் வேறு. மருந்தில் பெரும்பகுதி அந்தக் காம்புப் பாலோடு வெளியே வரும். ஒரு பகுதி சுவரைக் கடந்து இரத்தத்துக்குப் போகும். இரத்தம் அதை மருந்து போடாத மற்ற மூன்று காம்புகளுக்கும் கொஞ்சமாகக் கொண்டுவந்து விடும். வீங்கிய மடியில் அந்தச் சுவர் ஏற்கெனவே பழுதாகிக் கசிகிறது. போக்கும் வரத்தும் அங்கே இன்னும் இலகு. ஆகவே ஒரு காம்புக்கு மருந்து போட்டாலும் ஒதுக்க வேண்டியது நாலு காம்புப் பாலும்தான். இந்தப் பதிவில் ஒரு வரியை மட்டும்தான் ஞாபகம் வைத்திருப்பேன் என்கிறவர்கள் இந்த வரியை வைத்திருங்கள்.

எல்லா மருந்தும் ஒரே அளவில் கடப்பதில்லை. இந்த இடத்தில் எனக்கு வகுப்பறை ஞாபகம் வந்துவிடும், பொறுத்துக்கொள்ளுங்கள். இரத்தத்தில் உள்ள மருந்தில் ஒரு பங்கு புரதத்தோடு ஒட்டியிருக்கும். அது கடக்காது. ஒட்டாமல் நிற்கும் பங்கிலும், மின்னேற்றம் இல்லாத, கொழுப்பில் கரையக்கூடிய மூலக்கூறுகள்தான் கலச்சுவரை இலகுவாக ஊடுருவும். இரத்தத்தின் பி.எச். 7.4. நல்ல பசுப்பாலின் பி.எச். ஏறத்தாழ 6.6, 6.7. அதாவது பால் இரத்தத்தைவிடச் சற்று அமிலம். எரித்ரோமைசின், ரைலோசின் போன்ற அன்ரிபயோற்றிக்குகள் மென்மூலங்கள், அதாவது இலேசான காரத்தன்மை உள்ளவை. அவை இரத்தத்திலிருந்து ஏற்றமில்லாமல் உள்ளே வந்து, பாலின் அமிலத்தில் ஏற்றம் பெற்றுக்கொள்ளும். ஏற்றம் பெற்றது திரும்பச் சுவரைக் கடக்க முடியாது. அதனால் இந்த மருந்துகள் இரத்தத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு செறிவாகப் பாலில் சேர்கின்றன. பென்சிலின் மென்னமிலம், இலேசான அமிலத்தன்மை உள்ளது. அதற்கு நிலைமை எதிர்மாறு. ஊசியாகப் போட்டதில் மிகச் சிறிய பங்குதான் பாலுக்கு வரும்.

மடி வீங்கும் மடிநோய் வந்த மாட்டின் பால் காரப் பக்கம் நகரும், பி.எச். 7ஐத் தாண்டவும் கூடும். அப்போது இந்தக் கணக்கும் மாறும். சுகமான மாட்டில் அளந்த அளவை நோய் வந்த மாட்டுக்கு அப்படியே வைத்துக்கொள்ள முடியாது. நோயோடு பாலும் வற்றிப்போகும். கறக்கும் பால் குறைந்தால் மருந்து வெளியேறுவதும் பிந்தும்.

என்னை ஆச்சரியப்படுத்திய விசயம் இன்னொன்று. பால் சுரக்கும் கலங்களின் சுவரில் ஏபிசிஜி2 என்ற ஒரு புரதம் இருக்கிறது. அது இரத்தப் பக்கத்திலிருந்து சில பொருட்களைப் பிடித்துப் பால் பக்கம் தள்ளுகிறது. கன்றுக்குத் தேவையான விற்றமின் பி2 பாலுக்கு வருவதும் அதன் உதவியோடுதான். ஆனால் அந்தப் புரதம் விற்றமினோடு நிற்பதில்லை. என்றோபுளொக்சசின் போன்ற அன்ரிபயோற்றிக்குகளையும் சில புழுமருந்துகளின் விளைபொருட்களையும் அதேபோலப் பாலுக்குள் தள்ளிவிடும். தாய் கன்றுக்கு ஊட்டச்சத்து அனுப்புகிற அதே வழியால் மருந்தும் போகிறது.

பென்சிலின் கொஞ்சம்தான் வரும் என்றேன். கொஞ்சம் என்றால் எவ்வளவு? உலக சுகாதார அமைப்பும் ஐ.நா. உணவு விவசாய அமைப்பும் சேர்ந்து நடத்தும் கோடெக்ஸ் ஆணைக்குழு, ஒரு லீற்றர் பாலில் பென்சிலின் 4 மைக்கிரோகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்கிறது. ஒக்சிரெற்றாசைக்கிளின் என்ற இன்னோர் அன்ரிபயோற்றிக்குக்கு அந்த எல்லை லீற்றருக்கு 100 மைக்கிரோகிராம். பத்து இலட்சம் அலகு பென்சிலின் என்பது 600 மில்லிகிராம். அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு மட்டும் பாலுக்கு வந்தது என்று வையுங்கள். அது 0.6 மில்லிகிராம். 150 லீற்றர் பாலை எல்லைக்குக் கொண்டுவர அது போதும். என்னிடம் ஒரு நாளில் சேரும் பால் அவ்வளவு இல்லை. ஒரு மாட்டுக்கு ஒரு தடவை போடும் ஊசியோ பத்து இலட்சம் அலகோடு நிற்பதுமில்லை. ரியூப் என்றால், கறவை மாட்டுக்குப் போடும் ஒரு வகையில் பென்சிலின் குடும்பத்து மருந்தான குளொக்சசிலின் 200 மில்லிகிராம் இருக்கும். ஐரோப்பாவில் அதற்குப் பாலில் அனுமதிக்கும் எல்லை கிலோவுக்கு 30 மைக்கிரோகிராம். பத்தில் ஒரு பங்கு பாலில் வந்தாலே 600 லீற்றருக்கு மேல் பழுதாகும். ஒருவர் ஒரு மாட்டின் பாலைக் கலனில் சேர்த்துவிட்டால், அது சேகரிப்பு நிலையத்தில் ஊர் முழுவதன் பாலோடும் கலக்கிறது.

என் யோகட் ஏன் உறையவில்லை என்பதற்கும் விடை இதற்குள்தான். யோகட் உறையில் இரண்டு வகைக் கிருமிகள் இருக்கின்றன. ஸ்ரெப்ரோகொக்கஸ் தேர்மோபிலஸ் ஒன்று, லக்ரோபசிலஸ் பல்காரிக்கஸ் மற்றது. முதலாவது பென்சிலினுக்கு மிகவும் பயந்தது. லீற்றருக்குச் சில மைக்கிரோகிராம் இருந்தாலே அதன் வேலை தடுமாறும். அமிலம் உண்டாகாது, பால் உறையாது. பெரிய பாற்சாலைகளில் வைத்துப் பார்க்கும் ஒருவகைச் சோதனையும் இந்த அடிப்படையில்தான். சூட்டில் வளரும் ஒரு கிருமியை ஊதாநிறச் சாயத்தோடு சின்னக் குப்பியில் வைத்திருப்பார்கள். அதில் ஒரு துளி பால் விட்டு 64 பாகை செல்சியசில் மூன்று மணித்தியாலம் அளவில் வைப்பார்கள். கிருமி வளர்ந்து அமிலம் உண்டாக்கினால் நிறம் மஞ்சளாகும். ஊதாவாகவே நின்றால் பாலில் ஏதோ மருந்து இருக்கிறது.

என்னிடம் அந்தக் குப்பி இல்லை. இப்போது ஒவ்வொரு வீட்டுப் பாலிலும் ஒரு சின்னக் கிளாஸ் எடுத்துத் தனியாகக் காய்ச்சி, ஆறவைத்து, உறை விட்டு, எங்கள் வீட்டு மாட்டுப் பாலோடு பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். ஒன்று உறைந்து மற்றது உறையாவிட்டால் அந்த வீட்டுக்குப் போன் எடுப்பேன். இதை முழுச் சோதனை என்று நினைத்துவிடாதீர்கள். கிளாஸ் உறையாமல் போவதற்குச் சவர்க்காரம் சரியாக அலசாத பாத்திரமும் காரணமாகலாம், மடிநோய்ப் பாலும் காரணமாகலாம். உறைந்தாலும் எல்லா மருந்தும் இல்லை என்று ஆகாது. ஒக்சிரெற்றாசைக்கிளின் எல்லையைத் தாண்டியிருந்தாலும் தயிர் உறைந்துவிடக் கூடும். புழுமருந்துக்கு இந்தக் கிளாஸ் ஒன்றுமே சொல்லாது.

புழுமருந்து என்றதும் ஐவர்மெக்ரினைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. எங்கள் பக்கம் உண்ணிக்கும் புழுவுக்கும் அந்த ஊசியை விரும்பிப் போடுகிறார்கள். நல்ல மருந்து, அதில் சந்தேகமில்லை. ஆனால் அது கொழுப்பில் கரைகிற சாமான். மாட்டின் கொழுப்பில் போய் இருந்துகொண்டு வாரக்கணக்கில் பாலில் வந்துகொண்டிருக்கும். பல நாடுகளில் கறவை மாட்டுக்கு அதைப் போடக்கூடாது என்று லேபிளிலேயே எழுதியிருக்கிறார்கள். அதே குடும்பத்தில் எப்ரினோமெக்ரின் என்று ஒரு மருந்து இருக்கிறது. வேதியியலில் இரண்டும் நெருங்கிய உறவு. ஆனால் ஐவர்மெக்ரின் பாலிலும் இரத்தத்திலும் கிட்டத்தட்ட ஒரே செறிவில் நிற்க, எப்ரினோமெக்ரின் இரத்தத்தில் உள்ளதில் ஐந்திலொரு பங்கு அளவுகூடப் பாலுக்கு வருவதில்லை. அதனால் கறவை மாட்டுக்கென்றே அதைப் பல நாடுகளில் அனுமதித்திருக்கிறார்கள். எந்த மருந்து என்று கேட்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கு இந்த ஒன்றே போதும். மாடு வற்றி நிற்கும் காலத்தில் புழுமருந்து போடுவதா, கறக்கும்போது போடுவதா என்பதையும் டொக்டரோடு கதைத்துத் தீர்மானிக்கலாம்.

"நாங்கள் பாலைக் கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சித்தானே குடிக்கிறம்" என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டா. காய்ச்சுவது கட்டாயம். காசநோய்க் கிருமி, புரூசெல்லாக் கிருமி எல்லாம் காய்ச்சினால்தான் சாகும். ஆனால் மருந்துக்கு உயிரில்லை, அதைச் சாகடிக்க முடியாது. பென்சிலின் கொதியில் கொஞ்சம் சிதையும், மிச்சம் அப்படியே நிற்கும். ஐவர்மெக்ரின் அசையாது. வெண்ணெய் எடுத்து நெய் உருக்கினால் கொழுப்போடு சேர்ந்து அது அங்கே போய்ச் செறியும். பாலைச் சுண்டக் காய்ச்சினால் வற்றுவது தண்ணீர்தான்.

அப்படியானால் பால் குடித்தவர்களுக்கு என்ன வரும்? பயமுறுத்துவதற்காக எழுதவில்லை. மருந்து கலந்த பாலில் ஒரு தேத்தண்ணி குடித்தவருக்குப் பெரும்பாலும் எதுவும் தெரியாது. பென்சிலின் ஒவ்வாமை உள்ளவருக்குத் தோல் தடித்துக் கடி எடுக்கலாம், அரிதாக அதைவிட மோசமாகவும் போகலாம். எனக்குப் பெரிய கவலை வேறு. சின்னச் சின்ன அளவில் அன்ரிபயோற்றிக் திரும்பத் திரும்பக் குடலுக்குப் போகும்போது, அதற்கு அடங்குகிற கிருமிகள் செத்து அடங்காதவை மிஞ்சும். பிறகு பிள்ளைக்கு உண்மையிலேயே காய்ச்சல் வந்து ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோகும் நாளில் மருந்து கேட்காது. பால் அதிகம் குடிப்பது சின்னப் பிள்ளைகளும், வயது போனவர்களும், வருத்தக்காரரும். எங்கள் ஊரில் ஒருவர் படுக்கையில் விழுந்தால் முதலில் தேடி வருவது பசும்பால்தானே.

2013 ஆகஸ்டில் நியூசிலாந்துப் பால்மாவில் டி.சி.டி. என்ற இரசாயனத்தின் தடயம் இருக்கிறது என்று இலங்கையில் பக்கற்றுகளைத் திரும்பப் பெறச் சொன்னார்கள். அது மாட்டுக்குப் போட்ட மருந்துகூட இல்லை. மண்ணில் உள்ள நைதரசன் தண்ணீரோடு கழுவுண்டு போகாமல் இருக்கப் புல்வெளிக்குப் போட்டது. புல்லிலிருந்து மாட்டுக்குப் போய்ப் பாலுக்கும் வந்துவிட்டது. அப்போது பலர் பால்மாவை விட்டு ஊர்ப் பாலுக்கு வந்தார்கள். 2022இல் பால்மாவுக்கு வரிசையில் நின்ற காலத்திலும் அப்படித்தான். ஊர்ப் பால் என்றால் சுத்தம் என்ற நம்பிக்கையில் வந்தவர்கள் அவர்கள். அந்த நம்பிக்கையை வைத்துத்தான் நானும் பிழைக்கிறேன். வெளிநாட்டுப் பாலுக்குப் பரிசோதனை கேட்கிற நாங்கள் எங்கள் கொட்டிலுக்கும் அதையே கேட்க வேண்டும்.

இனிக் கடும்புப் பால், கன்று ஈன்றதும் வரும் முதற்பால். இதைப் பலர் யோசிப்பதேயில்லை. மாடு கன்று ஈன இரண்டு மாதம் இருக்கையில் பாலை வற்றவிடுவோம். அப்போது மடிநோய் வராமல் இருக்கச் சில டொக்டர்மார் கடைசிக் கறவைக்குப் பிறகு நாலு காம்புக்கும் ஒரு ரியூப் போடுவார்கள். அது கறவைக் காலத்து ரியூப் அல்ல. மெதுவாகக் கரைந்து வாரக்கணக்கில் மடிக்குள் நிற்பதற்கென்றே செய்தது. மாடு குறித்த நாளில் ஈன்றால் பெரும்பாலும் போய்விட்டிருக்கும். முந்தி ஈன்றுவிட்டால் முதல் நாள் கடும்பில் அது இருக்கும். நாங்களோ கடும்பைச் சீனி போட்டுக் கிண்டி, அயலட்டைக்கெல்லாம் கிண்ணத்தில் கொடுத்து அனுப்புகிற ஆட்கள். ரியூப் போட்ட நாளை எழுதி வையுங்கள். கன்று ஈன்ற நாளோடு ஒப்பிட்டு, ரியூப் மட்டையில் சொன்ன காலம் முடிந்ததா என்று பார்த்த பிறகு கிண்டுங்கள். இரண்டு வகை ரியூப்பும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். மாறிப் போட்டுவிட்டால் கறவை மாட்டின் பால் பல வாரத்துக்கு உதவாது.

எழுதி வைப்பதைப் பற்றிச் சொல்கிறேன். எங்கள் கொட்டில் சுவரில் ஒரு கரும்பலகைத் துண்டு மாட்டியிருக்கிறேன். மாட்டின் பெயர், மருந்தின் பெயர், போட்ட நாள், நேரம், பால் எடுக்கத் தொடங்கும் நாள். மருந்து போட்ட மாட்டின் பின்னங்காலில் ஒரு சிவப்புத் துணி கட்டுவேன். நான் இல்லாத நேரம் கறக்க வருகிற தம்பி பலகையைப் பார்க்க மறந்தாலும், காம்பில் கை வைக்கக் குந்தும்போது துணி கண்ணில் படும். அந்த மாட்டைக் கடைசியாகத்தான் கறப்பது. வாளியும் வேறு.

டொக்டர் வந்தால் நாங்கள் கேட்பதெல்லாம் "சுகம் வருமோ, எவ்வளவு காசு" என்பதுதான். "எத்தனை நாள் பால் எடுக்கக் கூடாது டொக்டர்?" என்று கேளுங்கள். அவர்கள் கோபிக்க மாட்டார்கள். எங்கள் பகுதி டொக்டர் இந்தக் கேள்வியைக் கேட்டதும் கதிரையை இழுத்துப் போட்டு இருந்து விளங்கப்படுத்தினார். பெட்டியைத் தாருங்கள் என்றும் கேளுங்கள். பல வேளை ரியூப் மட்டும் கைக்கு வருகிறது, பெட்டியும் உள்ளே இருக்கும் கடதாசியும் வருவதில்லை. வந்தாலும் பொடி எழுத்தில் இங்கிலீசு. அந்தக் கடதாசியில் உள்ள நாள்கணக்குக்கு ஒரு நிபந்தனை உண்டு: சொன்ன அளவில், சொன்ன வழியில், சொன்ன தடவை போட்டால்தான் அது செல்லும். அளவைக் கூட்டினாலோ, இரண்டு மருந்தைச் சேர்த்துப் போட்டாலோ, மனிசருக்கான குளிசையை இடித்துக் கொடுத்தாலோ அந்தக் கணக்குப் பிழைத்துவிடும்.

ஒதுக்கிய பாலை என்ன செய்வது? கன்றுக்கு விடுவதுதான் வழக்கம். முடிந்தால் வேண்டாம். அந்தப் பாலைக் குடித்த கன்றின் குடலில் மருந்துக்கு அடங்காத கிருமிகள் வளரும், சாணத்தோடு கொட்டில் முழுவதும் பரவும். கிணற்றடியில் ஊற்றுவது அதைவிடப் பிழை. குடாநாடு நிற்பது சுண்ணாம்புக் கல்லின் மேல். ஆண்டு முழுதும் ஓடுகிற ஆறு எங்களுக்கு இல்லை. குடிப்பதும் தோட்டத்துக்கு இறைப்பதும் அந்தக் கல்லிடுக்கில் நிற்கும் தண்ணீரைத்தான், மேலே ஊற்றியது வடிகட்டாமல் கீழே இறங்கும் இடங்கள் ஏராளம். கிணற்றிலிருந்து நன்றாகத் தள்ளியிருக்கும் எருக்கும்பியில் வைக்கலோடும் சாணத்தோடும் கலந்து மக்கவிடுகிறேன்.

மடிநோய் வராமல் பார்ப்பதுதான் இவ்வளவுக்கும் அடிப்படை. கறக்க முன் கையையும் காம்பையும் கழுவித் துணியால் ஒற்றி, முதல் இரண்டு பீச்சைக் கறுப்புத் தட்டில் விட்டுப் பார்த்தால், மடிநோயைக் காட்டும் திரிதிரியான கட்டிகள் இருப்பது தெரிந்துவிடும். கறந்து முடிந்ததும் காம்புத் துவாரம் உடனே மூடுவதில்லை, அரை மணித்தியாலமாவது திறந்திருக்கும். அந்த நேரத்தில் மாடு படுத்தால் சாணக் கிருமி நேரே உள்ளே போகும். நான் கறந்தவுடன் கிழித்த பனையோலையையோ கிளிசறியாக் குழையையோ போடுவேன். தின்றுகொண்டு நிற்கும் மாடு படுக்காது. ஈரம் காயாத மாரி காலத்தில் இதைத் தவறவிடவே கூடாது.

இப்போது காசுக் கதை. இதைப் பேசாமல் மேலே சொன்ன எதற்கும் பலன் இல்லை. மாடு வருத்தம் வந்த கிழமையில் டொக்டர் செலவு, மருந்துச் செலவு, பால் குறைவு எல்லாம் ஒன்றாக வரும். அதற்கு மேல் மிஞ்சிய பாலையும் ஊற்று என்று ஒரு குடும்பத்துக்குச் சொல்கிறோம். ஒரு மாட்டை வைத்து இரண்டு பிள்ளைகளைப் படிப்பிக்கும் வீடுகள் எனக்குத் தெரியும். அவர்களிடம் நேர்மையை மட்டும் கேட்டு, நட்டத்தை முழுதாக அவர்கள் தலையில் கட்டுவது நியாயமில்லை. அப்படிச் செய்தால் ஒளிக்கத்தான் பழக்குகிறோம்.

ஆகவே எனக்குப் பால் தருகிற வீடுகளோடு ஓர் ஒழுங்கு வைத்திருக்கிறேன். மாட்டுக்கு மருந்து போட்டால் அன்றைக்கே சொல்ல வேண்டும். நான் வந்து மருந்துப் பெட்டியைப் பார்த்து, நாளைக் குறித்துக்கொள்வேன். அந்த நாள் முடியும் வரை அந்த மாட்டுப் பாலை எடுப்பதில்லை. ஆனால் வழக்கமாகத் தரும் அளவுக்குப் பாதி விலை கொடுப்பேன். பால் அங்கேயே எருவுக்குப் போகும். இந்தச் செலவுக்காக யோகட் விலையில் கொஞ்சம் கூட்டினேன். ஏன் கூட்டினேன் என்று வாங்குகிறவர்களுக்கு நேரே சொன்னேன். சிலர் விட்டுப்போனார்கள். நின்றவர்கள் இன்னும் இரண்டு பேரைக் கூட்டி வந்தார்கள். "பொய் சொல்லிக் காசு வாங்க மாட்டினமோ?" என்று மச்சாள் கேட்டா. பாதி விலைக்காக யாரும் மாட்டுக்கு மருந்து வாங்கிப் போட மாட்டார்கள். இதைத் தொடங்கிய பிறகு எனக்கு வருகிற போன்கள் கூடியிருக்கின்றன. அந்த அண்ணை இப்போது ஊசிக்காரர் படலையைத் தாண்ட முன்னமே எடுத்துச் சொல்லிவிடுவார்.

ஒரு சின்ன யோகட்காரியால் இவ்வளவுதான் முடியும். பால் எடுக்கிற சங்கங்களும் கொம்பனிகளும் லீற்றருக்குச் சில சதத்தை ஒதுக்கி ஒரு நிதி வைத்தால், மருந்து போட்ட மாட்டுக்கு ஒதுக்கும் நாளுக்கெல்லாம் நட்டஈடு கொடுக்கலாம். சேகரிப்பு நிலையத்தில் அந்த ஊதாக் குப்பிச் சோதனையை ஒழுங்காகச் செய்து, முடிவைப் பால் தந்தவர்களுக்குத் தமிழில் எழுதிக் கொடுக்கலாம். மருந்துப் பெட்டிக்குள் தமிழிலும் சிங்களத்திலும் ஒரு துண்டு வைக்கச் சொல்லிக் கேட்கலாம். எங்கள் பகுதிச் சங்கக் கூட்டத்துக்கு இந்த மூன்றையும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். உங்கள் ஊர்ச் சங்கத்திலும் கேட்க விரும்பினால் கீழே எழுதுங்கள், அந்தக் கடிதத்தின் பிரதியை அனுப்பிவிடுகிறேன்.